மூட்டுகள் பூட்டிக்கொண்ட உடல்: ஹாரி ஈஸ்ட்லாக் நிகழ்வு ஆய்வு

மருத்துவக் கல்லூரியில் பாடத்துக்காக நிறுத்தியிருக்கும் எலும்புக்கூட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தால், மூட்டுக்கு மூட்டு கம்பியும் பசையும் திருகாணியும் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டால் கூடு நிற்காது. எலும்பு எலும்பாகக் கீழே விழுந்து குவிந்துவிடும். உயிரோடு இருந்தபோது அவற்றைச் சேர்த்துப் பிடித்திருந்தவை இணைப்பு நார்களும் தசைநாண்களும் மூட்டைச் சுற்றிய உறைகளும். சதையோடு அவையும் போய்விட்டால் ஒரு எலும்புக்கும் அடுத்த எலும்புக்கும் ஒட்டே கிடையாது.

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் மியூட்டர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஹாரி ஈஸ்ட்லாக்கின் எலும்புக்கூட்டுக்கு இந்தக் கம்பி வேலை பெரும்பாலும் தேவைப்படவில்லை. அது கிட்டத்தட்ட ஒரே துண்டு. முதுகின் மேல் எலும்புத் தகடுகள் படர்ந்திருக்கின்றன. நடுவுடலையும் கை கால்களையும் எலும்புப் பட்டைகள் பிணைத்திருக்கின்றன. ஒருவர் வாழ்ந்துகொண்டிருந்தபோதே அவருக்குள் இரண்டாவதாக ஓர் எலும்புக்கூடு வளர்ந்து, முதல் எலும்புக்கூட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

அவருக்கு இருந்த நோயின் பெயர் ஃபைப்ரோடிஸ்பிளேசியா ஆசிஃபிகன்ஸ் புரோக்ரெசிவா. சுருக்கமாக எஃப்.ஓ.பி. தசை, தசைநாண், இணைப்பு நார் ஆகியவை படிப்படியாக எலும்பாகிவிடும் மரபணு நோய். பத்து முதல் இருபது லட்சம் பேரில் ஒருவருக்கு வருவதாகக் கணக்கு. இவ்வளவு அரிதான நோயை எதற்கு ஆராய வேண்டும் என்று கேட்கலாம். நல்ல நிலையில் இருக்கும் உடலில் எலும்பும் மூட்டும் செய்யும் வேலை கண்ணில் படுவதே இல்லை. ஈஸ்ட்லாக்கின் உடலில் கெட்டுப்போனது ஒரே ஒரு கட்டுப்பாடு. அது கெட்ட பிறகுதான், அதுவரை அது எதையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தது என்பது தெரிய வருகிறது. பாடப்புத்தகங்கள் 206 எலும்புகளை எண்ணித் தொடங்குகின்றன. என்னைக் கேட்டால், எலும்பு வரக்கூடாத இடங்களிலிருந்து தொடங்குவதுதான் சரி.

நோயாளியின் கதை

ஈஸ்ட்லாக் 1933 நவம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் பிறந்தார். நான்கு வயது வாக்கில் ஒரு விபத்தில் அவருக்கு இடது காலில் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு போட்டார்கள். கால் எதிர்பார்த்தபடி குணமாகவில்லை. கொஞ்ச காலத்தில் இடுப்பும் முழங்காலும் விறைக்கத் தொடங்கின. எக்ஸ்ரே எடுத்தபோது தொடைத் தசைக்குள் எலும்பு தெரிந்தது.

அடுத்து வந்ததை அன்றைய மருத்துவர்கள் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். இருக்கக்கூடாத இடத்தில் எலும்பு இருக்கிறது, வெட்டி எடுத்துவிடலாம். வெட்டினார்கள். எடுத்த இடத்தில் எலும்பு திரும்ப வந்தது, முன்பைவிடத் தடிமனாக. மீண்டும் வெட்டினார்கள், மீண்டும் வந்தது. இருபதுகளின் நடுவிலேயே அவருடைய முதுகெலும்பு இணைந்துவிட்டது. தாடையும் பூட்டிக்கொண்டது. கடைசிக் காலத்தில் உதடுகளைத் தவிர அவரால் எதையும் பெரிதாக அசைக்க முடியவில்லை. 1973 நவம்பர் 11 அன்று, நாற்பதாவது பிறந்தநாளுக்கு ஆறு நாட்கள் இருக்கும்போது, நிமோனியாவில் இறந்தார். தன் உடல் ஆராய்ச்சிக்குப் போக வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அப்படித்தான் அந்த எலும்புக்கூடு அருங்காட்சியகத்துக்கு வந்தது.

முறிந்த எலும்பு ஆறும் விதம்

எஃப்.ஓ.பி. புரிய வேண்டுமென்றால் முதலில் சாதாரண எலும்பு முறிவு எப்படி ஆறுகிறது என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இரண்டும் ஒரே பாதையில்தான் போகின்றன.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது, வீங்குகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் வந்து சேர்கின்றன. சில நாட்களில் புதுச் செல்கள் பெருகி, இரண்டு மூன்று வாரங்களுக்குள் முறிந்த முனைகளுக்கு நடுவில் குருத்தெலும்பு உருவாகிறது. எக்ஸ்ரேயில் இது தெளிவாகத் தெரியாது. ‘இன்னும் கூடவில்லையே’ என்று நோயாளி கவலைப்படும் கட்டம் இது. பிறகு ரத்தக் குழாய்கள் உள்ளே நுழைய, குருத்தெலும்பு இருந்த இடத்தை எலும்பு பிடித்துக்கொள்கிறது. முதலில் முண்டும் முடிச்சுமாகத்தான் இருக்கும். அப்புறம் எலும்பைக் கரைக்கும் செல்களும் எலும்பைக் கட்டும் செல்களும் மாறி மாறி வேலை செய்து, பல மாதங்கள் எடுத்து, சில சமயம் வருடக்கணக்கில், பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுகின்றன. உடம்பில் வேறு பல திசுக்கள் காயம்பட்டால் தழும்பாகத்தான் ஆறும். எலும்பு எலும்பாகவே ஆறுகிறது.

கரைப்பதும் கட்டுவதும் முறிவுக்காக மட்டும் நடப்பவை அல்ல. பெரியவர்களின் எலும்புக்கூட்டில் ஆண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. உடலின் கால்சியத்தில் 99 சதவீதம் எலும்பில்தான் இருக்கிறது, ரத்தத்தில் அளவு குறையும்போது இங்கிருந்துதான் எடுக்கப்படுகிறது. விறைப்பைத் தருவது கால்சியம் பாஸ்பேட் படிகம். எளிதில் நொறுங்காமல் இருக்க உதவுவது அதனுள் ஓடும் கொலாஜன் இழை. கரைப்பதா, கட்டுவதா என்று முடிவெடுப்பதில் எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் செல்களுக்குப் பெரிய பங்கு உண்டு. எந்தப் பக்கம் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை அவை உணர்ந்து மற்ற செல்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. பாரத்துக்கு ஏற்ப எலும்பின் உள்ளமைப்பு மாறும் என்பதை 1892-இல் ஜெர்மன் மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் எழுதி வைத்தார்.

ஈஸ்ட்லாக்குக்குக் கால் முறிந்தபோது இந்த வேலை முறிந்த எலும்போடு நிற்கவில்லை. அடிபட்ட தசையிலும் அதே வரிசை தொடங்கியது. வீக்கம், நோயெதிர்ப்புச் செல்கள், தசைநார்கள் அழிவது, அந்த இடத்தில் குருத்தெலும்பு, பிறகு எலும்பு. வந்த எலும்பு கட்டியும் அல்ல, சுண்ணாம்புப் படிவும் அல்ல. நுண்ணோக்கியில் பார்த்தால் ஒழுங்கான அடுக்குகளும் ரத்தக் குழாய்களும் மஜ்ஜையும் உள்ள முழுமையான எலும்பு. அது முறிந்தால் மற்ற எலும்பைப் போலவே கூடியும் விடும். எலும்பிடம் ஒரு குறையும் சொல்ல முடியாது. இடம்தான் தப்பு.

இந்த நோய் உடலில் பரவுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் கழுத்து, முதுகு, தோள். பிறகு இடுப்பு, முழங்கால் என்று கீழிறங்கும். நடுவுடலிலிருந்து வெளிப்பக்கமாக, பின்பக்கத்திலிருந்து முன்பக்கமாக. கருவில் எலும்புக்கூடு உருவாகும் வரிசையும் ஏறத்தாழ இதுவே. நாக்கு, உதரவிதானம், கண்ணை அசைக்கும் தசைகள், இதயத் தசை ஆகியவற்றை மட்டும் நோய் தொடுவதில்லை.

மூட்டு கெடாமலே மூட்டு போவது

ஈஸ்ட்லாக்கின் நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். மூட்டுவலி என்றதும் தேய்மானம் நினைவுக்கு வரும். குருத்தெலும்பு தேய்ந்து, எலும்போடு எலும்பு உரசுவது. எஃப்.ஓ.பி.யில் பெரும்பாலும் மூட்டு தேய்ந்து போவதில்லை. மூட்டுக்கு வெளியே, அதைத் தாண்டிச் செல்லும் தசையோ நாரோ எலும்பாகி, இரண்டு பக்கத்தையும் பிணைத்துவிடுகிறது. உள்ளே இருக்கும் மூட்டு ஆரம்பத்தில் நன்றாகத்தான் இருக்கும்.

இடுப்பு மூட்டை எடுத்துக்கொள்ளலாம். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. இரண்டின் மேலும் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள வழவழப்பான குருத்தெலும்பு. சுற்றிலும் ஓர் உறை. உறையின் உட்புறச் சவ்வு மிகக் குறைந்த அளவில் மூட்டுத் திரவத்தைச் சுரக்கிறது. முழங்கால் போன்ற பெரிய மூட்டில்கூட இந்தத் திரவம் சில மில்லிலிட்டர்தான். சாதாரணமாக நடக்கும்போதே இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப்போல் இரண்டரை முதல் மூன்று மடங்கு விசை விழுகிறது. ஒற்றைக் காலில் நிற்கும் அந்த நொடியில் உடம்பு மறுபக்கம் சாயாமல் இருக்க, இடுப்பின் பக்கவாட்டுத் தசைகள் இழுத்துப் பிடிக்கின்றன. அந்த இழுவையும் சேர்ந்து மூட்டின் மேல்தான் அழுத்துகிறது. இத்தனை அழுத்தத்திலும் உராய்வு மிகமிகக் குறைவு.

குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. அதற்கான சத்து மூட்டுத் திரவத்திலிருந்து ஊறி வர வேண்டும். பாரம் விழுந்து அழுந்தும்போது குருத்தெலும்பிலிருந்து நீர் வெளியேறும், பாரம் நீங்கும்போது உள்ளே வரும். ஆக, அசைவு இருந்தால்தான் அதற்குச் சாப்பாடு. வெளியே ஓர் எலும்புப் பட்டை வந்து அசைவை நிறுத்திவிட்டால், உள்ளே இருக்கும் நல்ல மூட்டும் நாளடைவில் கெடுகிறது. கடைசியில் அதற்குள்ளும் எலும்பு புகுந்து இரண்டும் ஒன்றாகிவிடலாம். மூட்டு பழுதானதால் அசைவு போவது நமக்குத் தெரிந்த கதை. இங்கே அசைவு முதலில் போகிறது, மூட்டு பின்னால் போகிறது.

தாடை பூட்டிக்கொள்வதன் விளைவு உடனே புரியும், ஆனால் அதன் காரணம் பலருக்குத் தெரியாது. காதுக்கு முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பார்த்தால், அங்கே எலும்பு முதலில் சுழன்று, பிறகு முன்னால் வழுக்குவதை உணரலாம். மெல்லவும் பேசவும் நாள் முழுக்க உழைக்கும் மூட்டு அது. எஃப்.ஓ.பி. உள்ளவர்களுக்குப் பல் சிகிச்சைக்காகத் தாடையில் போடும் மரப்பு ஊசியே அங்குள்ள தசையைச் சீண்டி, தாடையைப் பூட்டிவிடக்கூடும். வாயை ரொம்ப நேரம் அகலத் திறந்து வைத்திருந்தாலும் அதே ஆபத்து. அதனால் இவர்களுக்குப் பல் சொத்தை என்பது சின்ன விஷயம் அல்ல.

ஈஸ்ட்லாக்கின் உயிரைப் பறித்தது விலா எலும்புகள் என்று சொல்லலாம். நாம் மூச்சை இழுக்கும்போது பன்னிரண்டு ஜோடி விலா எலும்புகளும் பின்னால் முதுகெலும்போடு சேரும் இடத்தில் கொஞ்சமாகச் சுழன்று மேலே எழும்புகின்றன. ஒவ்வொரு மூட்டிலும் அசைவு சிறிதுதான். எல்லாம் சேர்ந்தால் மார்பு விரிகிறது. விலா எலும்புகள் பிணைந்துவிட்டால் மார்பு விரியாது, உதரவிதானம் மட்டும் தனியாக மூச்சை இழுக்க வேண்டும். இருமுவதற்குப் போதுமான காற்று உள்ளே போகாது. சளியை வெளியேற்ற முடியாத நுரையீரலில் கிருமி தங்க எவ்வளவு நேரம் ஆகும்? எஃப்.ஓ.பி. உள்ளவர்களின் மரணத்துக்கு மார்புக்கூட்டின் இறுக்கமும் நிமோனியாவும் முக்கியக் காரணங்களாக இருப்பது இதனால்தான். நடுக்காதின் சிறு எலும்புகளும் அசைய முடியாமல் போய்ப் பலருக்குக் காது மந்தமாவதும் உண்டு.

ஏன் வெட்டக்கூடாது

கத்தி வைப்பதே ஒரு காயம். காயம் பட்ட இடத்தில் எலும்பு போடு என்பதே இந்த உடம்புக்கு வந்திருக்கும் உத்தரவு. ஈஸ்ட்லாக்கின் ஒவ்வோர் அறுவை சிகிச்சையும் அடுத்த எலும்புக்கு விதை போட்டது. இன்று எஃப்.ஓ.பி. உள்ளவர்களுக்கு அந்த எலும்பை வெட்டி எடுப்பதில்லை. தசையில் ஊசி போடுவதைத் தவிர்க்கிறார்கள். திசுத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பதும் கூடாது. இயன்முறைச் சிகிச்சையில் விறைத்த மூட்டை வலிந்து வளைப்பதும் கூடாது. மற்ற நோயாளிகளுக்கு நல்லது என்று செய்யும் பலவும் இங்கே கெடுதல்.

இதில் கொடுமையான ஒரு முடிவு நோயாளியிடமே வரும். இடுப்பு பூட்டிக்கொள்ளப் போகிறது என்று தெரிந்தால், எந்தக் கோணத்தில் பூட்டிக்கொண்டால் வாழ வசதி? நேராகப் பூட்டிக்கொண்டால் நிற்கலாம், உட்கார முடியாது. மடங்கியபடி பூட்டிக்கொண்டால் சக்கர நாற்காலியில் உட்காரலாம், நிற்க முடியாது. நாம் ஒரு நாளில் எத்தனை தடவை யோசிக்காமல் உட்கார்ந்து எழுகிறோம் என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

காரணம் தெரிந்தது

ஈஸ்ட்லாக் இறந்து 33 ஆண்டுகள் கழித்து, 2006-இல், அதே பிலடெல்பியாவில் உள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஃபிரெடரிக் கப்லானும் எய்லீன் ஷோரும் தங்கள் குழுவோடு காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாவது குரோமோசோமில் உள்ள ஏசிவிஆர்1 என்ற மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதனால் அது உருவாக்கும் புரதத்தில் 206-ஆவது இடத்தில் ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின் வந்துவிடுகிறது. எலும்புகளின் எண்ணிக்கையும் 206, கெட்ட இடமும் 206. வெறும் தற்செயல், ஆனால் மறக்காது.

அந்தப் புரதம் செல்லின் மேல்பரப்பில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஏற்பி. எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்கள் வந்து தொட்டால்தான் அது உள்ளே செய்தி அனுப்ப வேண்டும். மாறிப்போன ஏற்பியோ, யாரும் அழுத்தாதபோதும் லேசாக ஒலித்துக்கொண்டிருக்கும் அழைப்பு மணி மாதிரி. அதைவிட மோசமான ஒன்றும் 2015-இல் எலிகளில் தெரிய வந்தது. காயமும் வீக்கமும் வரும்போது சுரக்கும் ஆக்டிவின்-ஏ என்ற புரதம் சாதாரண ஏற்பியில் ஒட்டினாலும் எலும்பு போடும் செய்தி உள்ளே போகாது. மாறிய ஏற்பியில் அது ஒட்டினால் ‘எலும்பு போடு’ என்ற செய்தி போய்விடுகிறது. நான்கு வயதுக் குழந்தைக்குக் கால் முறிந்ததும் தொடைத் தசையில் எலும்பு வந்தது ஏன் என்ற கேள்விக்கு இது நேரடியான பதில்.

இதே செய்திப் பாதைதான் கருவில் மூட்டுகளையும் தீர்மானிக்கிறது. கருவின் கை கால்களில் எலும்பு முதலில் தனித்தனியாக வருவதில்லை. குருத்தெலும்புக் கம்பாகத் தொடங்கி, சுமார் ஆறாவது வாரத்தில் மூட்டு வர வேண்டிய இடங்களில் செல்கள் குருத்தெலும்பாவதை நிறுத்திக்கொள்கின்றன. எலும்பைத் தூண்டும் புரதங்களைப் பிடித்துவைக்கும் நாகின் போன்ற தடுப்புப் புரதங்கள் இதற்கு வேண்டும். நாகின் மரபணுவை நீக்கிய எலிக்கருக்களின் கால்களில் மூட்டுகள் உருவாகவில்லை, குருத்தெலும்பு தடித்து ஒன்றாகவே வளர்ந்தது. தடுப்பு மட்டும் போதாது, அசைவும் வேண்டும். முட்டைக்குள் இருக்கும் கோழிக்குஞ்சின் தசைகளை மருந்தால் செயலிழக்கச் செய்தால், மூட்டுக் குழிகள் சரியாக உருவாகாமல் எலும்புகள் ஒட்டிக்கொள்கின்றன. முட்டைக்குள்ளும் கருப்பையிலும் கால் உதைப்பது வீண் அசைவு இல்லை.

கால் பெருவிரல்

இந்த நோயின் முதல் அடையாளம் எலும்பு வளர்வதற்கு வெகு முன்பே, பிறந்த அன்றே தெரிகிறது. கிட்டத்தட்ட எல்லா எஃப்.ஓ.பி. குழந்தைகளுக்கும் கால் பெருவிரல் இரண்டும் குட்டையாக, மற்ற விரல்கள் பக்கம் வளைந்து இருக்கும். சில சமயம் பெருவிரலில் ஒரு மூட்டே இருக்காது. கருவில் மூட்டு அமையும் வேளையிலேயே மரபணு தன் வேலையைக் காட்டிவிட்ட இடம் அது. கழுத்து மூட்டுகளும் சிறு வயதிலேயே விறைப்பாக இருப்பதால், சில குழந்தைகள் தவழ்வதில்லை, உட்கார்ந்தபடியே பின்புறத்தால் நகர்கிறார்கள்.

இது தெரியாதபோது நடப்பது வேறு. குழந்தையின் முதுகிலோ கழுத்திலோ ஓரிரவில் ஒரு வீக்கம் வரும். புற்றுநோயாக இருக்குமோ என்று பயந்து திசுத் துண்டு எடுப்பார்கள். எடுத்த காயத்திலேயே எலும்பு வளரத் தொடங்கிவிடும். எஃப்.ஓ.பி. உள்ளவர்களில் பெரும்பாலானோருக்கு முதலில் தவறான நோய்தான் சொல்லப்பட்டிருக்கிறது. காலுறையைக் கழற்றிப் பெருவிரலைப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. சந்தேகம் வந்தால் ரத்தத்தில் மரபணுச் சோதனை போதும், கத்தி வேண்டாம்.

மருந்து எங்கே நிற்கிறது

திடீர் வீக்கம் வந்தால் சில நாட்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பது வெகுகாலமாக இருக்கும் வழக்கம். வீக்கத்தைத் தணிக்கும், நோயை நிறுத்தாது. 2023 ஆகஸ்டில் பாலோவரோட்டின் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குருத்தெலும்பு உருவாகும் கட்டத்திலேயே தடுத்து, புது எலும்பு வருவதைக் குறைப்பது அதன் வேலை. ஏற்கெனவே வந்த எலும்பைக் கரைக்காது.

அதிலும் ஒரு சிக்கல். குழந்தைகளின் கை கால் எலும்புகள் நீள்வது, முனைகளுக்கு அருகில் இருக்கும் வளர்ச்சித் தட்டால். அந்தத் தட்டும் குருத்தெலும்புதான். குருத்தெலும்பைத் தாக்கும் மருந்துக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரியாது. சில குழந்தைகளுக்கு வளர்ச்சித் தட்டு முன்கூட்டியே மூடிக்கொண்டு உயரம் நின்றுபோனது. அதனால் பெண் குழந்தைகளுக்கு 8 வயதும் ஆண் குழந்தைகளுக்கு 10 வயதும் ஆன பிறகுதான் தர வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். கொடுக்கும் காலத்திலும் எக்ஸ்ரே எடுத்து வளர்ச்சித் தட்டைக் கவனித்தபடி இருக்க வேண்டும். நோய் வேகமாக எலும்பு போடுவது பெரும்பாலும் சிறு வயதில். மருந்து தயங்க வேண்டியதும் அதே வயதில். ஆக்டிவின்-ஏவைப் பிடித்துவைக்கும் எதிர்ப்பொருள் போன்ற மற்ற வழிகளைத் தேடியதற்கு இதுவும் ஒரு காரணம்.